புடாபெஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமைக் குளியல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். ஐரோப்பா போவதென்றால் மே, ஜூனில் போக வேண்டும்; ஜனவரியில் போவது காசைக் கரியாக்குகிற வேலை; அதிலும் வயதானவர்கள் அந்தத் திசையில் தலைவைத்தே படுக்கக் கூடாது என்று கட்டுரையாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பின் மேல் இது ஒரு மேல்முறையீடு.

நான் பெண்கள் பள்ளி ஒன்றில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். போன ஜனவரியில் பொங்கல் கழிந்த கையோடு, என் மதினியையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, வளைகுடாவில் மாறி, ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டுக்குப் போய்வந்தேன். மகளுக்கு அங்கே வேலை. காலையில் அலுவலகம் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். ஆகவே பகல் முழுவதும் ஊர் சுற்றியது நாங்கள் இரண்டு கிழவிகள் மட்டும்தான். மதினி என்னைவிடப் பெரியவர், முழங்கால் வலிக்காரர், தென்காசிக்கு அப்பால் அதிகம் போகாதவர். கட்டுரையாளர் யாருக்கு ஆகாது என்றாரோ அதே ஆட்கள்.

குளிர் இல்லை என்று நான் சொல்லவில்லை. பகலில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், இரவில் அதற்கும் கீழே இறங்கும். மாலை நாலரைக்குள் விளக்கு போட வேண்டும். மார்கழியில் 22 டிகிரிக்கே குரங்குக் குல்லாய் மாட்டுகிற ஊர்க்காரர்கள் நாம் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் அங்கே குளிர் என்பது இரண்டு கதவுகளுக்கு நடுவில் இருக்கிற சங்கதி. வீட்டுக்குள் சுவரோரம் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. டிராமில் இருக்கைக்கு அடியிலிருந்து சூடு வருகிறது. கடை, அருங்காட்சியகம், தேவாலயம் எங்கே நுழைந்தாலும் கோட்டைக் கழற்றத் தோன்றுகிறது. நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில் தப்பித்து நுழைய எத்தனை கதவு இருக்கிறது? தெருவில் அந்த வெயிலைத் தாங்கிய உடம்பு இதையும் தாங்கும். வழுக்குகிற நடைபாதைக்கு மட்டும் நல்ல பூட்ஸ் வேண்டும். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஊரின் அமைப்பை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில் மலையும் கோட்டையுமாகப் புடா. கிழக்கே சமவெளியில் பெஸ்ட். பக்கத்து ஊரான ஓபுடாவையும் சேர்த்து 1873இல்தான் ஒரே நகரமாக்கினார்கள். அந்தக் கரையில் நெல்லை, இந்தக் கரையில் பாளை என்று ஆயுள் முழுவதும் ஆற்றைக் கடந்துகொண்டே இருந்தவளுக்கு இது பழகிய கணக்கு. நடுவே இருக்கிற சங்கிலிப் பாலத்தின் கதையும் பழகிய கதையாகவே இருந்தது. 1820 டிசம்பரில் இஸ்த்வான் செசேனி என்ற பிரபுவுக்குத் தகப்பனார் வியன்னாவில் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அந்நாளில் ஆற்றின் மேல் இருந்தது படகுகளைக் கோத்த மிதவைப் பாலம். குளிர்காலத்தில் பனிக்கட்டி மிதந்து வரும் என்று அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். ஒரு வாரம் போல அவர் கரையிலேயே காத்துக் கிடந்தார். நிலையான பாலம் ஒன்றைக் கட்டியே தீருவது என்று அவர் இறங்கியதற்கு அந்தக் காத்திருப்பும் ஒரு காரணம் என்பார்கள். பாலம் 1849இல் திறந்தது. வரி என்றால் என்னவென்றே தெரியாத பிரபுக்களும் சுங்கம் கட்டித்தான் கடக்க வேண்டும் என்று அதற்காகச் சட்டமே போட்டார்கள்.

படகுக்குக் காத்துக் கிடந்த ஜனங்களின் பாட்டைப் பார்த்துச் சொந்தப் பணத்தை இறக்கிய சுலோசன முதலியாரின் பாலம் தாமிரபரணியின் மேல் திறந்தது 1843இல். எங்கள் பாலம் உங்கள் பாலத்துக்கு மூத்தது என்று மகளின் அண்டைவீட்டு அம்மாளிடம் நான் சொல்ல, மகள் சங்கடத்தோடு மொழிபெயர்த்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை சங்கிலிப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. நூறாவது ஆண்டான 1949இல் திரும்பக் கட்டித் திறந்தார்கள். இன்று அதில் தனியார் கார்களுக்கு இடமில்லை. பஸ், டாக்சி, சைக்கிள், நடக்கிறவர்கள், அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்குக் கொக்கிரகுளத்திலிருந்து ஜங்ஷனுக்கு எங்கள் பாலத்தின் மேல் நடந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பெஸ்ட் கரையோரம் ஓடுகிற 2ஆம் எண் டிராமில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். நாடாளுமன்றம் வருகிற இடத்தில் இறங்கிச் சற்றே தெற்கே நடந்தால், ஆற்றின் விளிம்பில் இரும்பில் வார்த்த 60 ஜோடிக் காலணிகள் இருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரிய நாஜிக் கட்சிக்காரர்கள் யூதர்களை ஆற்றங்கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். அன்றைக்குக் காலணிக்கு விலை இருந்தது. 2005இல் வைத்த நினைவுச்சின்னம் இது. மே மாதத்திலும் பார்க்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் இரண்டு ஜோடிக் காலுறைக்கு மேலே பூட்ஸ் போட்டும் விரல் மரத்துப்போகிற ஜனவரியில் அங்கே நின்றால், காலணியைக் கழற்றச் சொல்வது என்றால் என்னவென்று உடம்புக்கே தெரிகிறது. அந்த வரிசையில் குழந்தைக் காலணியும் இருக்கிறது. அதற்குள் தேங்கிய தண்ணீர் உறைந்து, நடுவே யாரோ வைத்த மெழுகுவர்த்தித் துண்டு மாட்டிக்கொண்டிருந்தது. மதினி கையுறையைக் கழற்றிவிட்டு அதன் குதிகால் பக்கத்தைத் தொட்டார். பிறகு டிராம் நிறுத்தம் வரும்வரை பேசவில்லை.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். புடா மலைகளும் பெஸ்ட் சமவெளியும் சந்திக்கிற கோட்டில் பூமியில் ஒரு பிளவு ஓடுகிறது. மலையில் இறங்கிய மழைநீர் ஆழத்துக்குப் போய்ச் சூடேறி அந்தப் பிளவின் வழியே மேலே வருகிறது. நகர எல்லைக்குள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளும் கிணறுகளும் உண்டு. ஆக, அது குளிக்கிற ஊர். அதற்குரிய பருவம் குளிர்காலம். சாரல் இல்லாத மாதத்தில் குற்றாலம் போய்விட்டு வந்து, பார்க்க ஒன்றுமில்லை என்று ஒருவர் எழுதினால் நாம் என்ன சொல்வோம்? புடாபெஸ்டுக்கு ஜூனில் மட்டும் போ என்பதும் அப்படித்தான்.

முதலில் மகள் ஒரு விடுமுறை நாளில் செசேனி குளியலகத்துக்குக் கூட்டிப்போனாள். பாலம் கட்டிய அதே செசேனியின் பெயர்தான். 1896இல் திறந்த பழைய சுரங்க ரயில் அதன் வாசலிலேயே நிற்கிறது. பிரிட்டனை விட்டுவிட்டால், ஐரோப்பியக் கண்டத்தின் முதல் சுரங்க ரயில் அது. தெருவிலிருந்து சில படிகள் இறங்கினாலே நடைமேடை வந்துவிடும். மற்ற பாதைகளில் பாதாளத்துக்கு இறங்குகிற நகரும் படிகள் ஓடுகிற வேகத்தைப் பார்த்து மதினி கைப்பிடியை விடவில்லை. இதில் அந்தத் தொல்லை இல்லை. குளியலகம் 1913இல் திறந்தது. மஞ்சள் வண்ண அரண்மனை மாதிரியான கட்டடம், நடுவே திறந்தவெளிக் குளங்கள். 1870களில் வில்மோஷ் சிக்மோண்டி என்ற பொறியாளர் அந்தப் பூங்காவில் 970 மீட்டர் துளைத்து 74 டிகிரி வெந்நீரை எடுத்தார். 1938இல் துளைத்த இரண்டாவது கிணறு அதைவிட ஆழம், 77 டிகிரி. ஆறவைத்துத்தான் குளத்தில் விடுகிறார்கள். பக்கத்து மிருகக்காட்சிசாலையின் நீர்யானைகளுக்கும் இந்த வெந்நீர்தான் என்று மகள் சொன்னாள். நமக்கு முன்னே அவைதான் புத்திசாலிகள்.

அங்கே ஜனவரியில் பார்க்க வேண்டியது இதுதான்: கதவைத் திறந்து வெறும் தோளோடு வெளியே வந்தால் ஆளை அறுக்கிற குளிர். குளத்தின் படிவரை போகிற அந்தச் சில அடி தூரத்தை எல்லோரும், வயதானவர்களும்கூட, ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறார்கள். தண்ணீரில் இறங்கிய மறுகணம் மார்புவரை வெதுவெதுப்பு. எதிரே இருப்பவர் முகம் ஆவியில் தெரியவில்லை. ஆவி கொஞ்சம் விலகினால், தண்ணீருக்குள் நின்றபடியே சதுரங்கம் ஆடுகிற முதியவர்கள். ஒருவருடைய மீசையிலும் புருவத்திலும் பனி பூத்திருந்தது. அவர் அதைத் துடைக்காமல் குதிரையை நகர்த்துவதா யானையை நகர்த்துவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். டிக்கெட் அந்நாட்டுப் பணத்தில் 10,000 ஃபோரிண்டுக்கு மேல். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ நாலு ஃபோரிண்ட் என்று கணக்குப் போட்டு மதினி வயிற்றில் அடித்துக்கொண்டார். அது வெளியூர்க்காரர்களை வைத்துப் போட்ட விலைதான். உள்ளூர் முதியவர்கள் மூட்டுவலிக்கு மருத்துவரிடம் சீட்டு வாங்கிக் காப்பீட்டின் சலுகையில் சிகிச்சைக் குளியலுக்கு வருகிறார்கள்.

அன்று மதினி தண்ணீரில் இறங்கவில்லை. சேலையோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், நீச்சலுடை வேண்டும். முழங்கைவரை கையும் முழங்கால்வரை காலும் மூடுகிற ஒன்றை மகள் வாங்கி வைத்திருந்தாள். நான் போட்டுக்கொண்டேன். ஆண்கள் இருக்கிற இடத்தில் தன்னால் முடியாது என்று மதினி உள்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதில் தவறும் இல்லை.

அதன் பிறகுதான் ருடாஷ் என்ற குளியலகத்தைப் பற்றித் தெரியவந்தது. 16ஆம் நூற்றாண்டில் துருக்கியர் அந்த ஊரை ஆண்டபோது அவர்களின் ஆளுநர் சொக்கொல்லு முஸ்தஃபா பாஷா கட்டியது. அதன் பழைய துருக்கிக் கூடம் செவ்வாய்க்கிழமை பெண்களுக்கு மட்டும். நம் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி; ஆண்களுக்குப் புதன், சனி என்று நாள் வகுத்தது எல்லோருக்கும் தெரியும். செவ்வாய் என்று கேட்டதுமே மதினியின் முகம் மாறிவிட்டது. முறையறிந்த ஊர் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். மறு செவ்வாய் காலை எனக்கு முன்னால் அவர் தயாராக நின்றார்.

உள்ளே அரையிருட்டு. நடுவே எண்கோணக் குளம், சுற்றி எட்டுத் தூண்கள், மேலே கும்மட்டம். கும்மட்டத்தில் அங்கங்கே துளையிட்டு வண்ணக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். வெளியே மேகம் விலகுகிறபோது அதன் வழியே சிவப்பும் பச்சையுமாக ஒளி ஆவிக்குள் இறங்கித் தண்ணீரைத் தொடுகிறது. நடுக்குளம் 36 டிகிரி; நான்கு மூலைகளிலும் சிறிய குளங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, எண் சுவரில் எழுதியிருக்கிறது. 42 என்று எழுதியிருந்த மூலையில் மதினி கழுத்துவரை இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் அதே வயதுள்ள ஓர் அம்மாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. அந்த அம்மாள் தன் முழங்காலைக் காட்டினார். மதினி தன் முழங்காலைக் காட்டினார். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பெண்கள் மட்டும் இருக்கிற நாள் என்பதால் சிலர் உடையே இல்லாமல் இருந்தார்கள். முதல் ஐந்து நிமிடம் நாங்கள் கும்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அதுவும் பழகிவிட்டது. வெளியே வந்தபோது மதினி சொன்னது ஒன்றுதான்: “நல்லெண்ணெயும் சீயக்காயும்தான் குறை. மற்றபடி ஒரு குறையும் இல்லை.”

குளித்த பசிக்கு என்ன கிடைக்கும் என்று சைவக்காரர்கள் கேட்பீர்கள். ஃபோசெலேக் என்று பட்டாணி, கீரை, உருளைக்கிழங்கு, பருப்பு என எதையாவது வேகவைத்து மாவு கரைத்துக் கெட்டியாக்குகிறார்கள். கூட்டுக்குத் தூரத்து உறவு. மேலே இறைச்சி வைக்காமல் கேட்டு வாங்க வேண்டும். லாங்கோஷ் என்பது எண்ணெயில் பொரித்த பெரிய மாவு ரொட்டி, மேலே பூண்டுத் தண்ணீர் தடவித் தருவார்கள். கிறிஸ்துமஸ் கால இனிப்பான பெய்க்லியில் நம் கசகசாவை அரைத்துச் சர்க்கரையோடு பூரணமாக வைத்துச் சுருட்டுகிறார்கள். குருமாவில் ஒரு கரண்டி போடுகிற கசகசாவை இத்தனை தாராளமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புத்தாண்டில் பருப்பு சாப்பிட்டால் பணம் சேரும் என்ற நம்பிக்கையும் உண்டாம். அப்படியானால் சாம்பார் சாப்பிடுகிற நாமெல்லாம் எங்கே இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களே, கும்மட்டத்தையும் அரண்மனையையும் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். என் கண்ணில் நின்றது உடைமாற்றும் அறைதான். ஓர் ஆள் நிற்கிற அளவு மர அறை. உள்ளே உட்கார ஒரு பலகை, சுவரில் கொக்கிகள், காய்ந்த தரை. நுழைவில் கொடுக்கிற கைப்பட்டையைக் காட்டினால் திறந்து, காட்டினால் பூட்டிக்கொள்ளும் கதவு. வெளியே கண்ணாடி, தலை உலர்த்தும் கருவி. தரையைத் துடைக்க ஓர் அம்மாள் துடைப்பமும் வாளியுமாக வந்துகொண்டே இருக்கிறார். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிற குளிரில் எழுபது வயதுப் பெண்கள் துணிந்து குளிக்க வருவதற்கு வெந்நீர் பாதிக் காரணம். உலர்ந்த துணியை உலர்ந்த இடத்தில் நின்று நிதானமாக உடுத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை மீதிக் காரணம்.

இங்கே தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் நம் படித்துறைகளைப் பாருங்கள். அருவிக்கரைகளைப் பாருங்கள். ஈரப் பாவாடைக்கு மேலே உலர்ந்த பாவாடையைத் தலைவழியே போட்டு, நாடாவைப் பல்லால் கடித்துக்கொண்டு, அக்காளோ மகளோ விரித்துப் பிடித்த துண்டுக்குப் பின்னால், ஒரு கையால் உள்ளே இருப்பதை அவிழ்த்து, இரண்டாவது கையால் சேலை நுனி சேற்றில் விழாமல் பிடித்துக்கொண்டு உடை மாற்றுகிற வித்தை நம் ஊர்ப் பெண் ஒவ்வொருத்திக்கும் பத்து வயதிலேயே வந்துவிடுகிறது. துண்டு பிடிக்க ஆள் இல்லாதவர்கள் ஈரச் சேலையோடு பஸ் ஏறுகிறார்கள். அறை கட்டியிருக்கிற இடங்களிலும் உள்ளே போனால் கணுக்கால்வரை தண்ணீர், துணியை மாட்ட ஓர் ஆணிகூட இருக்காது, தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கும், இல்லையென்றால் வெளியே பூட்டு தொங்கும். முழங்கால் வலி வந்த பிறகு மதினி ஆற்றுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஆற்றுக்குப் பயந்து அல்ல. ஒற்றைக்காலில் நின்று உடை மாற்ற முடியவில்லை என்பதால்.

அவன் பத்தாயிரம் வாங்குகிறான், செய்கிறான் என்று உடனே ஒருவர் பதில் எழுதுவார். நான் வெந்நீர் கேட்கவில்லை. தண்ணீரைத் தாமிரபரணி பைசா வாங்காமல் தருகிறது. நான்கு சுவர், உள்ளே போடுகிற தாழ்ப்பாள், உட்காரத் திட்டு, சுவரில் இரண்டு கொக்கி, தண்ணீர் வடிய ஒழுங்கான சரிவு, துடைக்க ஓர் ஆளுக்குச் சம்பளம். ஆற்றில் வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்றால், 2023 டிசம்பரைப் பார்த்தவள்தான் நானும். படித்துறைக்கு மேலே, சாலை மட்டத்தில் கட்டுங்கள். டான்யூபிலும் வெள்ளம் வரத்தான் செய்கிறது. இருபது ரூபாய் கட்டணம் வைத்தாலும் கொடுப்போம். செருப்பு வைக்கிற இடத்துக்கே காசு கொடுத்துப் பழகியவர்கள்தானே நாம்.

உங்கள் பயணக் கட்டுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தக் கோபுரம் எத்தனை மீட்டர் என்பதோடு, அங்கே ஏற எத்தனை படி, கைப்பிடி உண்டா, உட்கார இடம் உண்டா, கழிப்பறைக்குச் சில்லறை வைத்திருக்க வேண்டுமா, எந்த நாள் பெண்களுக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஜனவரியில் ஒரு முறை போய்விட்டு வந்து எழுதினால் இன்னும் நல்லது. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு நவம்பரிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். செலவுக்கு யூரோ அல்ல, ஃபோரிண்ட். குளியலகத்துக்கு ரப்பர் செருப்பும் துண்டும் இங்கிருந்தே எடுத்துப் போய்விடலாம், அங்கே விலை அதிகம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
மகாராஜநகர், பாளையங்கோட்டை.